பரணில் கிடக்கும் சிலிண்டரை யாரிடம் கொடுப்பது?

வீட்டை ஒழித்துக் கொடுக்கும்போது கட்டில் போகிறது, பீரோ போகிறது, அம்மிக்கல்லைக்கூட யாராவது கேட்டு எடுத்துப் போகிறார்கள். சமையற்கட்டு மூலையிலோ பரணிலோ கடைசியாக ஒரு சிலிண்டர் மிஞ்சுகிறது. பெரியவர்கள் காலமான வீடு, குழாய் கேஸுக்கு மாறிய வீடு, பிள்ளைகள் வெளியூரில் தங்கிவிட்டதால் பூட்டிக் கிடக்கும் வீடு, எல்லாவற்றிலும் இதே கதைதான். தூக்கிப் பார்ப்பார்கள், லேசாக இருக்கும். ஆட்டிப் பார்ப்பார்கள், சத்தம் வராது. காலிதான் என்று முடிவுகட்டி, தெருவில் பழைய இரும்பு எடுக்க வரும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

மதுரையில் ஒரு கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அடுப்பு சர்வீஸ், ரெகுலேட்டர் மாற்றுவது, ‘கேஸ் வாடை அடிக்குது’ என்று போன் வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவது, இதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் அக்கம்பக்கத்தில் கேஸ்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முன்பெல்லாம் அடுப்பு சரியாக எரியவில்லை என்று கூப்பிடுவார்கள். இப்போது அதிகம் வரும் கேள்வி வேறு: “இந்தப் பழைய சிலிண்டரை என்னண்ணே பண்றது?”

சிலிண்டரை வீட்டுக்குள் கொண்டுவர நாட்டில் எத்தனையோ வழி இருக்கிறது. 2006க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாக கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. 2016இல் உஜ்வாலா வந்தது. முகவரிச் சான்று இல்லாதவருக்கும் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது. புகையில் இருமிக்கொண்டே சமைத்த பெண்களைப் பார்த்தவன் என்ற முறையில் இவை ஒவ்வொன்றையும் நான் மனதார வரவேற்றேன். ஆனால் உள்ளே வந்த சிலிண்டர் ஒருநாள் வெளியே போயாக வேண்டும். அந்த வாசல் பாதிதான் திறந்திருக்கிறது. மீதிப் பாதியைத் திறக்க வேண்டிய பொறுப்பு எண்ணெய் நிறுவனங்களுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உண்டு. எந்த ஏஜென்சியில் யார் எந்தச் சிலிண்டரைக் கொண்டுவந்தாலும், எதுவும் கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை.

முதலில் அந்த ‘காலி’ சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அழுத்தத்தால் திரவமாகி உள்ளே இருக்கும். அடுப்பைத் திருகும்போது மேல்பகுதியில் இருக்கும் ஆவிதான் வெளியே வருகிறது. அடுப்பில் தீ சுருங்கி அணையும்போது உள்ளே திரவம் ஏறக்குறைய தீர்ந்திருக்கும், ஆவி தீர்ந்திருக்காது. வெளியே உள்ள காற்றின் அழுத்தமும் உள்ளே உள்ள வாயுவின் அழுத்தமும் கிட்டத்தட்டச் சமமானதால்தான் வருவது நின்றிருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டரின் வயிறு தண்ணீர்க் கணக்கில் 33.3 லிட்டர். ஆக, நாம் காலி என்று சொல்லும் சிலிண்டருக்குள் குறைந்தது 33 லிட்டர் கேஸ் நிற்கிறது.

இந்த கேஸ் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். ஒன்பது பங்கைத் தாண்டினால் காற்று போதாமல் எரியாது. அந்த இரண்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. 33 லிட்டரை இரண்டு சதவீதமாகக் கலந்து பாருங்கள். 1,600 லிட்டருக்கும் மேல் தீப்பிடிக்கும் காற்று கிடைக்கும். ஒரு குளியலறையின் தரையிலிருந்து இடுப்பளவுக்கு அது நிரம்பி நிற்கப் போதும். அடியில் ஒரு லிட்டர் திரவம் மிச்சமிருந்தால் அதுவே ஏறத்தாழ 250 லிட்டர் ஆவியாக விரியும்.

வீட்டிலேயே காலி செய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவம். செல்லூரில் ஒரு பழைய ஓட்டு வீடு. அம்மா தவறிப் போன பிறகு சென்னையில் வேலை பார்க்கும் மகன் வீட்டை ஒழிக்க வந்திருந்தார். படித்தவர், பொறுமைசாலி. சிலிண்டரில் ‘கொஞ்சநஞ்சம்’ இருப்பதை வெளியேற்றிவிட்டு இரும்புக் கடைக்குக் கொடுப்போம் என்று நினைத்திருக்கிறார். பாத்திரம் துலக்கும் அங்கணத்தில் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்க வைத்து, வால்வின் நடுவில் இருக்கும் பின்னை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போனபோது வால்வைச் சுற்றி வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. சிலிண்டரைப் படுக்க வைத்ததால் ஆவிக்குப் பதில் திரவமே பீறிட்டு வந்துகொண்டிருந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிப்பது. அது தெறித்த இடமெல்லாம் உறைந்துவிடும். அவருடைய ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் வெளுத்து மரத்துப்போயிருந்தன. சுட்டதுபோல எரிகிறது என்றார்.

கையைவிடப் பெரிய ஆபத்து காலடியில் இருந்தது. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. மேலே கலைந்து போகாது, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து ஓடும். அங்கணத்துக் குழியில் இறங்கி, பொதுச் சாக்கடை வழியாக அது அடுத்த வீட்டுக் குளியலறைக்குள் ஏறியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: “ஏங்க, உங்க வீட்லருந்து கேஸ் வாடை வருதே, நான் உலை வைக்கலாமா வேணாமா?” கேட்காமல் அவர் தீக்குச்சியை உரசியிருந்தால் இரண்டு வீடும் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்கவே மனம் ஒப்பவில்லை.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கச் சொன்னேன். பின் தானாக மேலேறி அடைத்துக்கொண்டது. மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்த்தி, தெருவை ஒட்டிய திறந்த வெளிக்குக் கொண்டுபோனேன். இரண்டு வீட்டிலும் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். ‘எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், எரியும் விளக்கை அணைக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு எல்லோரையும் வெளியே நிற்க வைத்தேன். வாடை முழுவதும் போக வெகுநேரம் ஆனது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அதற்கு முன்பே ஏஜென்சிக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அம்மா பெயரில் உள்ள இணைப்பு வவுச்சர் வேண்டும், வாரிசுச் சான்று வேண்டும், எல்லாம் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவருக்கு ரயில்.

சிவப்பு நிற வீட்டுச் சிலிண்டர் நம்முடையதல்ல என்பது பலருக்குத் தெரியாது. அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நாம் கட்டியது டெபாசிட் மட்டும்தான். இன்றைக்குப் புதிதாக இணைப்பு வாங்கினால் 14.2 கிலோ சிலிண்டருக்கு 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250 ரூபாய். 2022 ஜூன் மாதம் உயர்த்திய தொகை இது. இணைப்பை ஒப்படைத்தால், நாம் சேரும்போது எவ்வளவு கட்டினோமோ அந்தத் தொகையைத் திருப்பித் தந்து, டெர்மினேஷன் வவுச்சர் என்று ஒரு ரசீது கொடுப்பார்கள். அதை வைத்து வேறு ஊரில் மறுபடியும் இணைப்பு எடுக்கலாம். வெளியே போகும் வாசலில் ஒழுங்காகத் திறந்திருக்கும் பாதி இதுதான்.

ஆனால் இந்தப் பாதியிலும் ஆட்களை அலைய விடுகிறார்கள். முப்பது வருடத்துக்கு முன் இணைப்போடு கொடுத்த வவுச்சர் காகிதம் எத்தனை வீட்டில் பத்திரமாக இருக்கும்? பெயர் மாற்றாமலே அப்பா பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் எத்தனை! டெபாசிட் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆதாரம் கேட்பது நியாயம்தான். பணம் சம்பந்தப்பட்ட விஷயம், வாரிசுகளுக்குள் சண்டையும் வரலாம். சிலிண்டரை வாங்கி வைக்க எதற்கு ஆதாரம்? சிலிண்டரை முதலில் வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுங்கள். பணத்தைக் காகிதம் வந்த பிறகு கொடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிவைப்பதால்தான், ‘ஐநூறு, ஆயிரத்துக்கு யார் அலைவது’ என்று ஜனங்கள் இரும்பு வண்டியைக் கூப்பிடுகிறார்கள்.

திறக்காத பாதி, சின்னச் சிலிண்டர்களுக்கானது. நான் சொல்வது எண்ணெய் நிறுவனங்கள் விற்கும் 5 கிலோ சிலிண்டரை அல்ல. பாத்திரக் கடையிலும் அடுப்புக் கடையிலும் வாங்கி, தலையிலேயே பர்னரை மாட்டி எரிக்கும் இரண்டு கிலோ, மூன்று கிலோ, ஐந்து கிலோ உருப்படிகளைச் சொல்கிறேன். ரூம் எடுத்துத் தங்கும் மாணவர்கள், கட்டட வேலைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளிகள், தள்ளுவண்டிக்காரர்கள், குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துப் போகும் குடும்பங்கள் என்று எல்லோரிடமும் இருக்கிறது. தீர்ந்துபோனால் எங்காவது ஒரு சந்தில், பெரிய சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு குழாயைச் செருகி நிரப்பித் தருவார்கள். எவ்வளவு நிரப்பினோம் என்று எடைபோட்டுப் பார்க்கும் வழக்கமே அங்கே கிடையாது. மேலே ஆவி நிற்க இடம் விடாமல் கழுத்துவரை திரவத்தை ஏற்றிவிட்டால், வெயிலில் அது விரிய இடமிருக்காது.

2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி விடியற்காலையை மதுரைக்காரர்கள் மறக்க முடியாது. லக்னோவிலிருந்து வந்த தனியார் சுற்றுலா ரயில் பெட்டி, எங்கள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தனியே கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. காலை ஐந்தே கால் மணியளவில் தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்துபோனார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. ராமேஸ்வரம் தரிசனத்துக்கு ஆசைப்பட்டு அவ்வளவு தூரம் வந்தவர்கள், தேநீர் போட ஒரு சிலிண்டரைக் கூடவே தூக்கி வந்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட நாள் முதல், ரயில்வே சோதனை, போலீஸ் சோதனை என்று எல்லாரும் சிலிண்டர் ஏறுவதைத் தடுப்பது பற்றியே பேசினார்கள். தடுக்கத்தான் வேண்டும். ஆனால் கையில் வைத்திருப்பவர் மனம் மாறி இதைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தால் எங்கே கொடுப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏஜென்சிக்குக் கொண்டுபோனால், ‘இது எங்க சிலிண்டர் இல்லீங்க’ என்பார்கள். வாங்கிய பாத்திரக் கடையில், ‘விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்று பில்லிலேயே அடித்திருப்பார்கள். மாநகராட்சிக் குப்பை வண்டிக்காரர் தொடமாட்டார், அவர் தொடாததே நல்லது. மிஞ்சியிருப்பது பழைய இரும்புக் கடைதான்.

அந்தக் கடைகளில் வேலை செய்யும் பையன்கள் சிலரை எனக்குப் பழக்கம். அவர்களில் ஒருவன், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும், இரும்புக் குவியலுக்கு நடுவே கேஸ் கட்டரை வைத்து ஒரு சின்னச் சிலிண்டரின் தோளில் கோடு போடத் தயாராக இருந்ததை வழியில் பார்த்து நின்றுவிட்டேன்.

“தம்பி, வால்வைக் கழட்டியாச்சா?”

“கழட்டியாச்சுண்ணே. காத்து எல்லாம் போயிருச்சு. மூணு நாளா வெயில்ல திறந்துதான் கெடக்கு.”

“உள்ள தண்ணி ஊத்துனியா?”

“தண்ணி எதுக்குண்ணே? வாடையே இல்ல, வேணும்னா மோந்து பாருங்க.”

முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லைதான். என்னைப் பயமுறுத்தியதும் அதுதான். கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமெடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். சிலிண்டர் தீரும் தருவாயில் வீட்டில் வாடை தூக்கலாக அடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பொருள் கேஸைவிட மெதுவாக ஆவியாகி அடியில் சேர்வதால் வருவது அது. வருடக்கணக்கில் கிடந்து உள்ளே துருப்பிடித்த பழைய சிலிண்டரில், துருவே அந்த வாடையைத் தின்றுவிடும். மூக்கை நம்பி முடிவெடுக்க முடியாது. கேஸ் கனமானது என்பதால் வாய் மேலே பார்த்து நிற்கும் சிலிண்டருக்குள் அது நாள்கணக்கில் தங்கும். வாய் திறந்திருப்பதால் வெளிக்காற்றும் உள்ளே போகும். அதாவது, வால்வை மூடிவைத்த சிலிண்டருக்குள் காற்று இல்லாததால் உள்ளே தீ பிடிக்க வழியில்லை. திறந்து போட்டதும் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. இரண்டு முதல் ஒன்பது சதவீதக் கலவை சிலிண்டரின் வயிற்றிலேயே உருவாகி, கட்டரின் சுடருக்காகக் காத்திருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் எண்ணெய்க் கசடும் சூடானால் ஆவியைக் கக்கும்.

அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். கட்டரை அணைத்துவிட்டுக் கேட்டான். பிறகு, “ஓனரு வெயிட்டுக்கு எடுத்துட்டாருண்ணே, நான் என்ன செய்ய?” என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. நம் வீட்டிலிருந்து கிலோ கணக்கில் எடைபோட்டு வாங்கிப் போன ஆபத்து, கடைசியில் அவன் மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பரணிலிருந்து இறக்கிய நமக்கு அவன் முகம்கூடத் தெரியாது. எனக்கு இந்த விஷயத்தில் ஆறாத கோபம் இருப்பது இதனால்தான்.

யூடியூபைத் திறந்தால், பழைய சிலிண்டரை அறுத்து விறகடுப்பு செய்வது எப்படி, கறி சுடும் அடுப்பு செய்வது எப்படி என்று வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கிரைண்டர் பொறி பறக்க அறுக்கிறார்கள். அதற்கு முன் உள்ளே என்ன செய்தார்கள் என்பதை ஒரு நொடி காட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டேன். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பிகளே, தயவுசெய்து அந்த வேலையை ஏற்காதீர்கள்.

இதே வேலையை முறையாகச் செய்ய நாட்டில் இடம் இல்லாமல் இல்லை. எண்ணெய் நிறுவனத்தின் சிலிண்டருக்கு ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு உண்டு. புதிதாகச் செய்து பத்து வருடத்தில் ஒருமுறை, அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனை. மேல் வளையத்தைத் தாங்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தில் ‘பி 28’ என்பதுபோல எழுதியிருப்பதைப் பாருங்கள். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். அந்த மாதத்துக்குள் அது சோதனைக்காக நிறுவனத்தின் பிளான்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே மிச்ச கேஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்து, வால்வைக் கழற்றி, வயிறு முழுக்கத் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். தேறாததைச் சப்பையாக நசுக்க வேண்டும், அல்லது மறுபடி ஒட்டவைத்துச் சிலிண்டராக்க முடியாதபடி துண்டு துண்டாக்க வேண்டும் என்பது எரிவாயு சிலிண்டர் விதி. 2016இல் புதுப்பித்த அந்த விதிகள், 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. சிலிண்டரில் அடைத்த அழுத்த வாயுவை வெடிபொருளாகவே கருத வேண்டும் என்று 1938இலேயே அறிவித்துவிட்டார்கள். நாக்பூரில் தலைமையிடம் உள்ள பெசோ என்கிற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புதான் இதற்குப் பொறுப்பு. சென்னையிலும், பட்டாசுத் தொழிலால் சிவகாசியிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

சட்டம் இருக்கிறது, பிளான்ட் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆட்களும் இருக்கிறார்கள். வீட்டுப் பரணிலிருந்து அந்த பிளான்ட் வாசல் வரைக்குமான பாதையைத்தான் யாரும் போடவில்லை. அந்தப் பாதையையும் புதிதாகப் போட வேண்டியதில்லை என்பேன். சிலிண்டர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். 306 சிலிண்டர் ஏற்றிக்கொண்டு ஏஜென்சி குடோனுக்கு வரும் லாரி, திரும்பும்போது அதே எண்ணிக்கையில் காலி சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு பிளான்ட்டுக்குப் போகிறது. அந்த லாரியில் மாதத்தில் ஒரு நடைக்கு, ஓரத்தில் தனியாகக் கம்பிக் கூண்டு ஒன்று வைத்து அனாதைச் சிலிண்டர்களையும் ஏற்றிவிட என்ன கஷ்டம்? குடோனில் தீயணைப்புக் கருவி இருக்கிறது, காற்றோட்டம் இருக்கிறது, ஊருக்கு ஒதுக்குப்புறமாக உரிமம் வாங்கிக் கட்டிய கட்டடம் அது. இரும்புக் கடையைவிட அதுதானே பத்திரம்?

எங்கள் சிலிண்டர் இல்லாததை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும், திருட்டுத்தனமாக நிரப்புகிறவர்களுக்கு நாங்கள் துணைபோனதாக ஆகாதா என்று நிறுவனங்கள் கேட்கலாம். ஒவ்வொரு அனாதைச் சிலிண்டரும் நசுங்கினால் சந்தில் நிரப்புகிறவனுக்கு ஒரு வாடிக்கை குறைகிறது. அது துணைபோவதாகுமா, தடுப்பதாகுமா? செலவை யார் ஏற்பது என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. உடைந்த மதுப் புட்டிகள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திரும்பத் தரும் ஏற்பாடு வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. மதுப் புட்டிக்குச் செய்ய முடிந்ததைச் சின்னச் சிலிண்டருக்கும் செய்யலாம். விற்கும்போதே கடைக்காரர் இருநூறு முந்நூறு ரூபாய் கூடுதலாக வாங்கட்டும். ஏஜென்சியில் ஒப்படைத்த சீட்டைக் காட்டினால் திருப்பித் தரட்டும். கார் பேட்டரி வாங்கும்போது பழைய பேட்டரிக்கு விலை கழிப்பதில்லையா? இரும்புக் கடை தரும் எடை விலையைவிட ஒரு ரூபாய் அதிகமாகக் கிடைத்தாலும் ஜனங்கள் சரியான இடத்துக்குத்தான் கொண்டுபோவார்கள்.

மாநகராட்சியிடம் இதை ஒப்படைக்கலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் சேரும் ஆபத்தான கழிவுக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றன. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப் லைட், காலாவதியான மருந்து, பேட்டரி என்று அதில் பெயர் சொன்ன பட்டியலில் கேஸ் சிலிண்டர் இல்லை. இருந்திருந்தாலும் நான் சம்மதிக்க மாட்டேன். தூய்மைப் பணியாளர்கள் ஏற்கெனவே சுமக்கும் ஆபத்து போதும். வால்வைத் தொட்டுப் பழகியவர்கள் கையில்தான் சிலிண்டர் போக வேண்டும்.

2025 ஜனவரி 3ஆம் தேதி கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில், கொச்சியிலிருந்து 18 டன் கேஸுடன் வந்த டேங்கர் கவிழ்ந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், போக்குவரத்தை நிறுத்தினார்கள், தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே நின்றார்கள். ஓர் உயிர்ச்சேதமும் இல்லாமல் டேங்கரை நிமிர்த்தி எடுத்துப் போனார்கள். பாராட்ட வேண்டிய வேலை. நம் அதிகாரிகளுக்கு கேஸைக் கையாளத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேம்பாலத்தில் நடந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பரணில் இருந்தால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளும் வீடு மாறும்போது இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அங்கே தோட்டத்தில் கறி சுடும் அடுப்புக்கு 20 பவுண்டு புரொப்பேன் டாங்க் வைத்திருப்பார்கள். அது தீர்ந்தால் கடை வாசலில் இருக்கும் கம்பிக் கூண்டில் கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை எரித்துவிட்டுத் தூக்கிப்போடும் ஒரு பவுண்டு டப்பாக்கள்தான் அங்கே தலைவலி. கலிஃபோர்னியா மாநிலம் 2022இல் சட்டம் போட்டு, மறுபடி நிரப்ப முடியாத அந்த டப்பாக்களை 2028 முதல் விற்கவே கூடாது என்று சொல்லிவிட்டது. தூக்கிப்போட இடமில்லாத பொருளை விற்காதே என்பது நல்ல கொள்கை. நம் பாத்திரக் கடைகளுக்கும் அது பொருந்தும்.

ஏற்பாடு வரும்வரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். சிலிண்டரைப் பரணிலிருந்தும் கட்டிலுக்கு அடியிலிருந்தும் முதலில் எடுங்கள். நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு மூடியைப் போடுங்கள். காற்றோட்டமான, வெயில் படாத, தரையை ஒட்டிச் சாக்கடையோ சம்ப்போ இல்லாத இடமாகப் பாருங்கள். வால்வின் பின்னை எந்தக் காரணத்துக்காகவும் அழுத்தாதீர்கள். கடைசிச் சொட்டையும் எரித்துவிட வேண்டும் என்று சிலிண்டரைக் கவிழ்ப்பதும் வெந்நீரில் வைப்பதும் நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. அதை இன்றோடு விடுங்கள். தண்ணீர் நிரப்பிக் காலி செய்கிறேன் என்று வால்வைக் கழற்ற ஸ்பேனரை எடுக்காதீர்கள். அது பிளான்ட்டில் செய்யும் வேலை. வாடை வந்தால் 1906க்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள். போனை வீட்டுக்கு வெளியே போய்ப் பேசுங்கள்.

நிறுவனத்தின் சிலிண்டராக இருந்தால் ஏஜென்சிக்கு எழுத்திலேயே ஒப்படைப்புக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால்தான் திங்கட்கிழமை வரச் சொல்வார்கள். வவுச்சர் தொலைந்திருந்தால் அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். சின்னச் சிலிண்டராக இருந்தால், அதன் மேல் என்ன பெயர், என்ன எண் பொறித்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு எண்ணெய் நிறுவனங்களின் அதிகாரிகளும் ஏஜென்சிக்காரர்களும் வந்தாக வேண்டும். சிலிண்டர் தாமதம், டெலிவரிக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள் என்ற புகார்கள்தான் அங்கே வருகின்றன. பழைய சிலிண்டரை வாங்க மறுக்கிறார்கள் என்று ஐம்பது மனு வந்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மதுரையில் அடுத்த கூட்டத்துக்கு என் மனு தயாராக இருக்கிறது. மாவட்டத்தில் எல்லா ஏஜென்சி குடோன்களிலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எந்த நிறுவனத்துடையது என்று பார்க்காமல் பழைய சிலிண்டர்களை வாங்க வேண்டும். கொண்டுவருபவரிடம் பெயரோ ஆதாரோ கேட்கக் கூடாது. வாங்கிய சிலிண்டர்களின் எண்ணிக்கையையும், அவை நசுக்கப்பட்ட தேதியையும் அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பழைய இரும்புக் கடைகள் சிலிண்டரை வாங்கத் தடை விதித்து, ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதை ஒப்படைக்க அந்தச் சனிக்கிழமையிலேயே அவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டர் பையனிடமும் கையெழுத்துக் கேட்டிருக்கிறேன். தன் ஓனரிடமும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.